ஒரு கேலனில் 423 மைல்!

டி.வி.யில் விளம்பரம் வந்தால் என்ன செய்வீர்கள் குட்டீஸ்? தண்ணீர் குடிக்க எழுந்து போவீர்கள். இல்லையென்றால் ரிமோட்டைத் தேடுவீர்கள். அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. விளம்பரத்தில் ரயில் இன்ஜின் ஒன்று தலைகாட்டினால் போதும், சாப்பிட்டுக் கொண்டிருந்தாலும் தட்டோடு டி.வி. முன் வந்து விடுவார்கள்! 'ரயில்ஃபேன்' என்று அவர்களுக்குப் பெயர்.

மட்டையைப் பிடிக்கிற விதத்தை வைத்தே கிரிக்கெட் வீரர் யாரென்று சொல்லும் ஆட்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள் அல்லவா? அதுபோல இவர்கள், இன்ஜினின் பின்பக்கத்தைப் பார்த்தே அதைச் செய்தது எந்த கம்பெனி என்று சொல்லி விடுவார்கள். பெரிய சரக்கு இன்ஜினின் பின்பக்கத்தில், ரேடியேட்டர் இரு புறமும் இறக்கை போல வெளியே நீட்டிக் கொண்டிருந்தால், 'ஆஹா, ஜெனரல் எலக்ட்ரிக்!' என்பார்கள். எண் என்ன, எந்த வருடத்து பெயின்ட், ஹாரனில் எத்தனை குழல்... எல்லாம் 2 விநாடியில் கணக்கெடுத்து விடுவார்கள். தவறு இருந்தால் தொலைந்தது விளம்பரம்!

'இதெல்லாம் வேலையற்றவர்கள் வேலை' என்று சிரிக்கிற பெரியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்காக, அவர்கள் சொல்லும் எல்லாக் குறையும் பெரிய குறை என்றும் சொல்ல மாட்டேன்.

பெயின்ட் விஷயத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சரக்கு ரயில்கள் ஓட்டும் கம்பெனி, சி.எஸ்.எக்ஸ். 1980ல் இரண்டு ரயில் கம்பெனிகள் சேர்ந்து உருவானது. 2002 வாக்கில் இருந்து அதன் இன்ஜின்களுக்கு, கரும் நீலமும் மஞ்சளும் கலந்த பெயின்ட் அடித்தார்கள். ரசிகர்கள் அதற்கு வைத்த கேலிப் பெயர், 'இருண்ட எதிர்காலம்!' அதே கம்பெனி 2008ல், 'நாளைய உலகம் நகர்வது இப்படித்தான்' என்ற பொருளில் ஒரு வாசகத்தை வைத்து டி.வி.யில் விளம்பரம் செய்தது. ரசிகர்களுக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால், பெயின்ட் பிடிக்கவில்லை என்பது அவரவர் ரசனை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, விட்டு விடலாம்.

சத்தம் அப்படி இல்லை. சில விளம்பரங்களிலும் படங்களிலும், ஓடுவது டீசல் இன்ஜினாக இருக்கும். காதில் கேட்பது நீராவி இன்ஜினின் 'கூ...' எடுத்தவர்கள் வேறு எங்கிருந்தோ கொண்டு வந்து ஒட்டியிருப்பார்கள். 'ஒரு கூ தானே, போகட்டும்' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

நீராவி இன்ஜின் போய் டீசல் வந்த புதிதில், இன்ஜின்களுக்கு ஒற்றைச் சுரத்தில் ஊதும் ஹாரனைத்தான் வைத்தார்கள். அது லாரி ஹாரன் போலவே இருந்தது. லெவல் கிராசிங்கில் நின்றவர்கள், 'ஏதோ லாரி வருகிறது போலும்' என்று நினைத்து விட்டார்கள். கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்வான்சன் என்பவர், பழைய நீராவி விசிலை ஒத்த சத்தம் வரும்படி, பல குழல்கள் ஒன்றாக ஒலிக்கும் காற்று ஹாரன்களை உருவாக்கினார். கேட்டதுமே 'ரயில்!' என்று புரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று அமெரிக்க இன்ஜின்களில் 5 குழல் ஹாரன் சாதாரணம். லெவல் கிராசிங் வரும்போது எப்படி ஊத வேண்டும் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று, மறுபடி நீளமாக ஒன்று! 2005ல் வந்த விதிப்படி, கிராசிங்கை அடைவதற்கு 15 முதல் 20 விநாடி முன்பே ஊதத் தொடங்க வேண்டும். ரயில் நம்மோடு பேசுகிற பாஷை அது. அதைத் தப்பாகப் பேச வைத்தால் ரசிகர்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது அந்த 2008 விளம்பரத்துக்கு வருவோம். 'எங்கள் ரயில்கள், ஒரு கேலன் எரிபொருளில் ஒரு டன் சரக்கை 423 மைல் தூரம் கொண்டு போகின்றன' என்றது சி.எஸ்.எக்ஸ்.

அமெரிக்க கேலன் என்பது கிட்டத்தட்ட 3.8 லிட்டர். 423 மைல் என்றால் சுமார் 680 கிலோமீட்டர். நாலு லிட்டர் கூட இல்லாத டீசலில் 680 கிலோமீட்டரா? கேட்ட பலர் வாயைப் பிளந்தார்கள். ரயிலே ஒரு கேலனில் 423 மைல் ஓடும் என்று தப்பாகப் புரிந்து கொண்டவர்களும் உண்டு. 'சுத்தப் புளுகு' என்றவர்களும் உண்டு. இங்கேதான் ரயில் பைத்தியங்களின் அருமை தெரிகிறது. அவர்கள் பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்காருகிற ரகம். நாமும் உட்காருவோமா?

ஒரு ரயிலில் 5,000 டன் சரக்கு இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு டன்னும் 423 மைல் போக ஒரு கேலன் என்றால், 5,000 டன்னுக்கு 5,000 கேலன். அதாவது, சுமார் 19,000 லிட்டர்! பெரிய அமெரிக்க டீசல் இன்ஜின் ஒன்றின் டேங்க் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 28 லிட்டர் வரும். 'ஒரு கேலனில் 423 மைல்' என்றதும் ஏதோ பூனைக்குட்டி பால் குடிப்பது போல இருந்தது. உண்மையில் யானை!

அப்படியானால் விளம்பரம் பொய்யா? இல்லை. ஒரு வருடம் முழுதும் சுமந்த சரக்கின் டன்னையும், அது போன மைலையும் பெருக்கிக் கூட்டி, செலவான டீசலால் வகுத்தால் கிடைக்கிற சராசரி அது. இதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. இன்ஜினின் எடையும் காலிப் பெட்டிகளின் எடையும் கணக்கில் சேராது. சரக்கின் எடை மட்டும்தான். காலிப் பெட்டிகளைத் திருப்பி இழுத்து வந்த டீசல் செலவு மட்டும் கணக்கில் உண்டு. சுமார் 20 டன் ஏற்றிய பெரிய லாரி, ஒரு கேலனில் 6 மைல் போகும் என்று வைத்தால், அதே கணக்கில் லாரிக்கு 120 தான் வரும். ரயில் மூன்று மடங்குக்கும் மேல்!

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள்வதுதான் காரணம். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சின்ன நாணயத்தின் அளவே இருக்கும். லாரி டயர் போல அது நசுங்கி நசுங்கி நிமிர்வதில்லை. அதனால் சக்தி வீணாவதும் குறைவு. போதாததற்கு, நூறு பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும்போது, முன்னால் போவது மறைப்பதால், பின்னால் வரும் பெட்டிகளுக்கு எதிர்க்காற்றின் அடி குறைகிறது.

சரி, கணக்கு சரி. ஆனால், விளம்பரம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ரயில் உங்கள் ஊர் மளிகைக் கடை வாசலுக்கு வராது. யார்டில் இருந்து கடை வரை லாரிதான் வர வேண்டும். அந்த டீசல், 423க்குள் இல்லை.

இன்னொரு கேள்வியும் எனக்கு உண்டு. சாக்லேட் விளம்பரம் பார்த்தால் சாக்லேட் கேட்டு அடம் பிடிக்கலாம். சரக்கு ரயில் விளம்பரம் பார்த்துவிட்டு, 'அம்மா, எனக்கு ஒரு கூட்ஸ் வண்டி' என்று யாராவது கேட்பார்களா? பிறகு எதற்கு இத்தனை செலவு செய்து வீட்டு டி.வி.யில் காட்ட வேண்டும்? அமெரிக்காவில் சரக்கு ரயில் கம்பெனிகள் தனியாருடையவை; தண்டவாளமும் அவர்களுடையதே. 2008ல் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அந்த நேரத்தில், 'நாங்கள் எண்ணெயை மிச்சம் பிடிப்பவர்கள்' என்று சட்டம் போடுபவர்கள் காதிலும், பங்கு வாங்குபவர்கள் காதிலும், பொதுமக்கள் காதிலும் விழ வேண்டும். அதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். அதில் தப்பில்லை. ஆனால், விற்கப்படுவது சரக்கு ரயில் இல்லை, நல்ல பெயர் என்பதைத் தெரிந்து கொண்டே பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதில் மட்டும் நான் முழுக்க முழுக்க ரசிகர்கள் கட்சி! தண்டவாளத்தின் மேல் கைகளை விரித்து நடக்கும் சிறுமி, நடுவில் உட்கார்ந்து கிடார் வாசிக்கும் இளைஞன்... துணிக்கும் குளிர்பானத்துக்கும் இப்படி எத்தனை காட்சிகள் பார்த்திருப்பீர்கள்! அழகாகத்தான் இருக்கும். 1972ல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய 'ஆபரேஷன் லைஃப்சேவர்' என்ற ரயில் பாதுகாப்பு அமைப்பு, இப்படிப் படம் எடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. விவரம் தெரிந்த ரயில் ரசிகர்களும் இதைக் கண்டால் கொதித்துப் போவார்கள். அமெரிக்காவில் தண்டவாளத்தில் அத்துமீறி நடந்து உயிர் விடுபவர்கள், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

2014 பிப்ரவரி 20ல், ஜார்ஜியா மாநிலத்தில், ஆற்றின் மேல் உள்ள சி.எஸ்.எக்ஸ். ரயில் பாலத்தில் ஒரு சினிமா படப்பிடிப்பு நடந்தது. கம்பெனி அனுமதி மறுத்திருந்தது; ஆனாலும் போனார்கள். தண்டவாளத்தின் மேல் ஒரு கட்டிலைப் போட்டுப் படம் பிடித்தபோது, சரக்கு ரயில் வந்து விட்டது. கேமரா உதவியாளரான 27 வயதுப் பெண் இறந்து போனார். பலர் காயமடைந்தார்கள். 2015ல் இயக்குனர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டு சிறைக்குப் போனார். அந்தப் படம் வெளிவரவே இல்லை.

டிரைவர் பிரேக் போட மாட்டாரா என்று கேட்பீர்கள். போடுவார். மணிக்கு 55 மைல் வேகத்தில் வரும் நீண்ட சரக்கு ரயில் நிற்க, ஒரு மைலோ அதற்கு மேலோ தேவைப்படும். வேகம் சீராகக் குறைந்து ஒரு மைலில் நிற்கிறது என்று கணக்குப் போட்டால், 131 விநாடி! 30 விநாடி விளம்பரம் ஒன்று, நான்கு முறை முழுதாக ஓடி முடிந்த பிறகும், அந்த ரயில் இன்னும் நகர்ந்து கொண்டுதான் இருக்கும்.