யார் செய்தது எது?

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடத்தைத் தொட்டவரும் இழுத்தவரும் ஒன்றாகவே தெரிவர். இணையவழியில் ஐவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாலும் இதே நிலைதான். யார் உழைத்தார் என்று தெரியாவிட்டால், உழைப்பவளுக்கும் ஊக்கம் குன்றிவிடும்.

நம் குற்றாலத்து ஐந்தருவியைப் பாருங்கள். கிளைகள் தனித்தனியே விழுவதால், எதில் நீர் குறைந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் அப்படியே. ஒவ்வொரு கட்டுரைக்கும் திருத்த வரலாறு உண்டு. எந்தப் பயனர், என்று, எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பதை எவரும் காணலாம். உரையாடல் பக்கத்தில் காரணமும் கேட்கலாம். பலர் பார்ப்பர் என்ற நினைவே பொறுப்பைத் தருகிறது.

ஆனால், அளவை மட்டும் எண்ணுவது தவறு. ஒவ்வொரு திருத்தத்தின் அளவும் அங்கே எண்ணாகக் காட்டப்படுகிறது. பத்துப் பத்திகள் சேர்த்தவளுக்குப் பெரிய எண் கிடைக்கும். 1974 என்ற பிழையான ஆண்டை 1947 எனத் திருத்தியவளுக்குக் கிடைப்பதோ பூச்சியம்! எனினும், படிப்பவரைப் பிழையிலிருந்து காத்தவள் அவளல்லவா?

ஆகவே தோழியரே, குழுவேலையில் அவரவர் செய்ததைப் பெயருடன் குறிப்போம். பெரியோரும் பக்கங்களை எண்ணாது, பங்கின் பயனை எடைபோட வேண்டுகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி