வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பதா?

சென்ற மாதம் சம்பள நாளன்று மாலை, ஆபீஸ் வேலை முடிந்து சங்கக் கிளைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் மனைவியுடன் வந்து நின்றார். நம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். "கதவில ஒட்டிட்டுப் போயிருக்காங்க தம்பி, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

அது ஏல அறிவிப்பு. ஏலத்துக்கு வந்திருப்பது அவர் குடியிருக்கும் வீடு. ஆனால் கடன்காரர் என்று அதில் கண்டிருந்த பெயர் அவருடையதன்று.

நடந்ததைக் கேட்டோம். தோட்டத்தை விட்டு வெளியேறிய காலத்தில், சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவு விலை வீட்டை வாங்கினார். கடனையும் கட்டி முடித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மகன் மோட்டார்சைக்கிள் விபத்தில் அடிபட்டபோது அவசரமாக 15,000 வெள்ளி தேவைப்பட்டது. ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளிக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? தெரிந்தவர் மூலம் ஒரு மனிதர் வந்தார். இனிக்க இனிக்கப் பேசினார். "வீட்டை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். நீங்கள் எங்கும் போக வேண்டாம். மாதம் 400 வெள்ளி வாடகை கொடுத்துக்கொண்டு அங்கேயே இருங்கள். பணம் சேர்ந்ததும் திருப்பிக் கொடுத்தால் வீடு மறுபடியும் உங்களுடையது" என்றார். பெரியவர் கையெழுத்திட்டார். காகிதத்தில் விலை 1,20,000 வெள்ளி. கைக்கு வந்தது 15,000. வாடகையை ஒரு மாதமும் தவறவிடவில்லை. புதிய சொந்தக்காரரோ அந்த வீட்டை வங்கியில் வைத்து முழுக் கடனையும் எடுத்துக்கொண்டு, தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார்.

கிராணி வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மாதம் 400 என்றால் ஆண்டுக்கு 4,800. வாங்கிய 15,000-க்கு அது நூற்றுக்கு 32 வட்டி. 1951-ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி, ஈடு வைத்து வாங்கும் கடனுக்கு உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஆண்டுக்கு நூற்றுக்கு 12-க்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது 1,800 வெள்ளி. கடனுக்கு விற்பனை என்றும், வட்டிக்கு வாடகை என்றும் பெயரை மாற்றிவிட்டால் கேட்பாரில்லை என்பதுதான் இந்தச் சூழ்ச்சியின் உயிர்நாடி.

இது நேற்று முளைத்த வித்தையன்று. மலாய்க் கம்பங்களில் 'ஜுவல் ஜஞ்சி' என்ற பழைய வழக்கம் உண்டு. நிலத்தைக் கடன் கொடுப்பவர் பெயருக்கு மாற்றிவிட்டு, சொன்ன காலத்துக்குள் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்வது. வழக்கத்தில் அது வெறும் ஈடுதான். நம் பெரியவர்களுக்கும் ஊரில் கேட்டுப் பழகிய ஒற்றிதான் நினைவுக்கு வருகிறது. கடனை அடைத்தால் சொத்து வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்நாட்டில் நிலவுரிமை என்பது பதிவேட்டில் உள்ள பெயர். சிலாங்கூர் நிலம் ஒன்றைப் பற்றிய இத்தகைய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1917-இல் முடிவாயிற்று. மீட்க வந்தவர் காலம் கடந்து வந்தார் என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார்.

ஆகவே, தோழர்கள் நில அலுவலகப் பாரங்களில் இரண்டின் எண்ணையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 16A என்றால் ஈடு. வீடு உங்கள் பெயரிலேயே நிற்கும். 14A என்றால் பெயர் மாற்றம், வீடு போயிற்று. கடன் கேட்கப் போன இடத்தில் 14A-ஐ நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பல மலிவு விலை வீடுகளின் கிராண்டில் மாநில அரசின் ஒப்புதலின்றிப் பெயர் மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கும். அதைச் சுற்றிப் போவதற்காகப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. அதுவும் இதே குழிதான்.

'வாக்குக் கொடுத்தாரே, கோர்ட்டுக்குப் போனால் நியாயம் கிடைக்காதா?' என்று கேட்கலாம். வாக்குக் கொடுத்தவரும் நீங்களும் மட்டும் எதிரெதிரே நின்றால், உண்மையில் அது கடன்தானா என்று நீதிமன்றம் விசாரித்துப் பார்ப்பதுண்டு. ஆனால் நடுவே விஷயம் அறியாத மூன்றாமவர் பணம் கொடுத்து உரிமை பெற்றுவிட்டால், 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. வங்கி அப்படிப்பட்ட மூன்றாமவராக வந்து நிற்கும். வாய் வார்த்தை சொன்னவரைத்தான் கட்டும், வீட்டைக் கட்டாது.

படித்தவர் நிறைந்த இங்கிலாந்திலும் இதே கதைதான். ஆயுள் முழுதும் இருக்கலாம் என்ற பேச்சை நம்பி வீட்டை விற்று வாடகைக்கு இருந்தார்கள். வாங்கியவர்கள் வங்கிக் கடனைக் கட்டவில்லை. அந்த வாக்குறுதி கடன் கொடுத்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே 2009-இல் அரசு இத்தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. 2012-இல் ஆராய்ந்து பார்த்தபோது, நடந்த பேரங்களில் பெரும்பாலானவை விற்றவர்களுக்கு ஏற்றவையல்ல என்று தெரிந்தது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2009 முதல் முதியவர்களுக்கு ஒரு திட்டம் நடத்துகிறதே என்பார் சிலர். அது வேறு. வீட்டின் குத்தகைக் காலத்தில் முன்பகுதியைத் தமக்கே வைத்துக்கொண்டு, பின்பகுதியை மட்டும் கழகத்துக்கு விற்கிறார்கள். மாத வாடகை இல்லை. யாருடைய வாய் வார்த்தையையும் நம்பி அவர்கள் குடியிருக்கவில்லை.

"பெயரில் என்ன இருக்கிறது கிராணி ஐயா, லயத்தில் எந்தக் கிராண்டை வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றோம்?" என்று ஒரு தோழர் நம்மிடம் கேட்டார். லயத்தில் இருந்ததனால்தான் சொல்கிறோம். வேலை போனால் வீடும் போகும் என்ற முடிச்சு நம் பெற்றோர் கழுத்தில் கிடந்தது. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, இரண்டு தலைமுறையாக இருந்த குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. அந்தக் கொடுமையைக் கண்டுதான், 1960-இல் துன் சம்பந்தன் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது; மாதம் 10 வெள்ளி கட்டித் தொழிலாளர்கள் பங்கு சேர்ந்தார்கள். அப்படித் தேடிய பெயரை 15,000 வெள்ளிக்குக் கழற்றிக் கொடுப்பதா?

முடை வந்தால் முதலில் கூட்டுறவுச் சங்கத்தைக் கேளுங்கள். விற்றே தீர வேண்டுமானால் முழு விலைக்கு விற்றுவிட்டு வேறிடத்தில் குடியேறுங்கள். அங்கேயேதான் இருக்க வேண்டுமென்றால், மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள். அதற்குட்பட்ட வாடகையைக் கிராண்டில் குறித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், வீடு அடுத்த கைக்கு மாறுமுன் வழக்கறிஞரைப் பார்த்துத் தனியார் கேவியட் போடப் பாருங்கள். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் யாரும் உங்கள் சாமானைத் தூக்கி வெளியே போட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியவருக்கு இவற்றில் பல காலம் கடந்த பேச்சு. வரும் திங்கட்கிழமை சங்க வழக்கறிஞரிடம் அழைத்துப் போகிறோம். புறப்படும்போது அந்த அம்மா முந்தானையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று ஆண்டு வாடகை ரசீது, ஒன்று விடாமல் அடுக்கி, ரப்பர் வளையம் போட்டிருந்தது. "எல்லா மாசமும் கட்டியிருக்கோம் தம்பி, இது போதாதா?" என்று கேட்டார்.