பொதுப் பணம் யாருடைய படகில் ஏறுகிறது?

கடல் வளத்தைக் காக்க சர்க்கார் மானியம் கொடுக்கிறது. நல்லது, கொடுக்கட்டும். யாருக்குக் கொடுக்கிறது? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

2017-ல் பாக் விரிகுடாவுக்கு ஒரு திட்டம் வந்தது. கடலடியைச் சுரண்டி மீன் குஞ்சுகளையும் வாரிவரும் இழுவைமடிப் படகுகளை விலக்குவது; பதிலுக்கு, ஆழ்கடலில் தூண்டிலும் செவுள் வலையும் கொண்டு சூரை பிடிக்கும் படகுகளைக் கட்டித் தருவது. மூன்றாண்டுகளில் 2,000 படகுகள் என்றார்கள். நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. இழுவைமடி நம் கடலைக் கெடுத்தது; இலங்கையின் வடகரையில் நம்மைப் போலவே உழைத்துப் பிழைக்கும் மீனவர்களின் வலைகளையும் அறுத்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய சர்க்கார் மானியம் 40 லட்சம். மாநில சர்க்கார் மானியம் 16 லட்சம். பாங்குக் கடன் 16 லட்சம். மீதி 8 லட்சம் மீனவர் கைப்பணம். இழுவைப் படகை விட்டுக்கொடுப்பவருக்கே புதுப் படகு!

அந்தப் படகில் வலை இழுத்தவரின் கதி என்ன? டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்கு வாங்கிக் குடும்பம் நடத்தும் கடல் தொழிலாளிக்கு என்ன தந்தார்கள்? படகு உள்ளவருக்கு மக்கள் பணம் 56 லட்சம். உழைப்பு மட்டுமே உள்ளவருக்குப் பூஜ்யம்!

சிறு படகுக்காரரும் தப்பவில்லை. 8 லட்சம் ரொக்கத்துக்கும், கடனுக்கு ஈட்டுக்கும் அவர் எங்கே போவார்? மூன்றாண்டும் ஓடின. 2,000 படகுகள் வந்து சேரவில்லை.

2020-ல் பிரதமர் மீன்வளத் திட்டம் வந்தது. 20,050 கோடி என்று பறை சாற்றினார்கள். அதில் 5,763 கோடி பயனாளிகளே போட வேண்டிய பணம்! மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவிகிதம். மிச்சத்தைப் போட வழியில்லாதவருக்கு அந்த மானியமும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆலைத் தோழர்களே! இது உங்களுக்குப் புதிதா? 1999-ல் ஜவுளி ஆலைகளை நவீனமாக்க வட்டிச் சலுகைத் திட்டம் வந்தபோது சலுகை யாருக்குப் போயிற்று? விவசாயத் தொழிலாளர்களே! பம்பு செட்டு மானியம் நிலம் உள்ளவருக்கு. நாற்று நடும் கைக்கு என்ன?

கடன் கட்டப் பொறுப்பாளி வேண்டாமா என்பார்கள். வேண்டும். கடல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்கட்டும். சங்கத்தின் பெயரில் படகு கொடு! கடனுக்கு சர்க்காரே ஜாமீன் நில்! தொழில் மாறும் காலத்துக்குத் தொழிலாளிக்கு நிவாரணக் கூலி கொடு!

மானியம் மக்களின் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அந்த வரியைக் கட்டுகிறார். அந்தப் பணத்தில் கட்டும் படகில் உழைப்பவருக்கும் பாத்தியதை வேண்டும். கரையிலும் வயலிலும் ஆலையிலும் இக்கோரிக்கை ஒரே குரலாக ஒலிக்கட்டும்!