பேரன் காலத்துத் தறி யாருடையது?

வருங்கால மக்களின் அன்றாட வாழ்வு எவ்வாறு அமையும் என்று ஆராய்வது, பாவு ஓடவும் நாற்று நடவும் பொழுது போதாத நமக்கு வேண்டாத வேலை என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் பாட்டன் ஊன்றிய பனங்கொட்டையின் பயனைப் பேரன் நுகரும் நாட்டில் பிறந்தவர்கள் நாம். நெடுந்தொலைவு நோக்குவது நமக்குப் புதிதன்று.

இத்துறையில் நமக்கு முன்னரே சிந்தித்தோர் உளர். பெரியார் ஈ. வெ. ரா. 1940-களில் வெளிவந்த 'இனிவரும் உலகம்' என்னும் நூலில், கம்பியில்லாத் தந்திச் சாதனம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்றும், தொலைவில் உள்ளோர் ஒருவர் உருவை ஒருவர் கண்டு பேசுவர் என்றும் கூறினார். அவர் கூறியது நம் கண்முன்னே நிறைவேறிவிட்டது. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கீன்ஸ் 1930-ல் எழுதிய கட்டுரையொன்றில், நூறாண்டுக்குள் முன்னேறிய நாடுகளின் வாழ்க்கைத்தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயரும் என்றும், வாரத்துக்கு 15 மணி நேர உழைப்பே போதுமானதாகும் என்றும் கணித்தார். வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, 15 மணி நேர வாரமோ எந்நாட்டிலும் வழக்கத்துக்கு வரவில்லை.

ஒன்று பலித்து மற்றொன்று பலியாமற் போனதன் காரணம் யாது? கருவியை அறிவியல் தந்துவிடுகிறது. அக்கருவியால் மிச்சமாகும் பொழுதும் பொருளும் யாரைச் சேரும் என்பதைப் பெரும்பாலும் உடைமையே முடிவு செய்கிறது.

1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் ஜக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் முறையை அமைத்தார். இன்று அட்டையே வேண்டாத மின்னணு ஜக்கார்டு நம் பட்டுத் தறிகளிலும் ஏறியுள்ளது. இவ்வழியே மேலும் நூறு, இருநூறு ஆண்டுகள் செல்வோமாயின், அறுந்த இழையை இயந்திரமே முடியும். வயலின் ஈரத்தைக் கருவியே அளந்து மடையைத் திறக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அக்காலத்து உறுப்பினர் ஒருவர் காலையில் சிறிது நேரம் மேற்பார்வை பார்த்துவிட்டு, எஞ்சிய பொழுதைப் பிள்ளைகளோடும் கல்வியோடும் கழிக்கலாம். விருப்பமுள்ளோர் குழித்தறியில் அமர்ந்து, வயிற்றுக் கவலையின்றி, கலைக்காகவே நெய்யலாம். ஆனால் அதே இயந்திரம் எங்கோ இருக்கும் ஒரு சிலர்க்கு உரியதாயின், அவ்வுறுப்பினர்க்கு வேலையும் இராது, கூலியும் இராது. ஓய்வு மட்டும் நிறைய இருக்கும்.

இரண்டாம் நிலைக்கு ஆளாகாதிருக்க வழியென்ன? 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்து ஒரு கடை திறந்த வரலாற்றை நாம் அறிவோம். அதற்குப் பின் நிகழ்ந்ததை நம்மிற் பலர் அறியார். அம்முன்னோடிகள் 1854-ல் ஆலைத் தொழிலுக்கெனவும் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டு, வேலை செய்வோர்க்கும் லாபத்தில் பங்களித்தனர். ஆலை தழைத்தது, அங்கு வேலை செய்யாத பங்குதாரர்களும் பெருகினர். 1862-ல் தொழிலாளர்க்குரிய லாபப்பங்கு நிறுத்தப்பட்டது. சங்கத்தின் பெயரில் இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது, சங்கம் உழைப்போர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் உறுப்பினர் பதிவேட்டைக் காணும்போதெல்லாம் இப்பாடமே என் நினைவுக்கு வருகிறது. தறியே இல்லாதவர் நெசவாளர் சங்கத்தில் உறுப்பினராயிருப்பதும், பேரவைக்கு வாராதவர் வீட்டுக்கே பதிவேடு சென்று கையொப்பம் பெற்றுத் திரும்புவதும் சிறு பிழைகளாகத் தோன்றலாம். நம் பேரப்பிள்ளைகளின் வாழ்வு இச்சிறு பிழைகளில்தான் கைநழுவிப் போகும்.

ஆகவே நம் சங்கங்கள் மூன்று காரியங்களை இன்றே மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதலாவது, உழைப்போர் மட்டுமே இடம்பெறும் வகையில் உறுப்பினர் பட்டியலைச் செம்மை செய்தல். இரண்டாவது, துணைவிதிகள் இடந்தரும் அளவில், லாபத்தில் ஒரு பகுதியைப் பொதுக் கருவிகளுக்கென ஒதுக்குதல். மருந்து தெளிக்கும் டிரோனைத் தனியொரு சிறு விவசாயி வாங்குதல் அரிது. சங்கம் வாங்கினால் அனைவர் வயலுக்கும் அது பயன்படும். மூன்றாவது, பதினெட்டு வயது நிரம்பித் தொழிலில் இறங்கிய நம் மக்களை, ஆண் பெண் வேறுபாடின்றி, உறுப்பினராகச் சேர்த்துப் பேரவையில் பேசப் பழக்குதல்.

வருங்காலத்தில் என்னென்ன கருவி வரும் என்பது நம் கையில் இல்லை. வருகிற கருவிக்கு நம் மக்கள் உடையவராவரா, கூலிகளாவரா என்பதில் நமக்கும் ஒரு வாக்கு உண்டு. அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அனைவரும் நேரில் வந்து அதனைச் செலுத்துவோமாக.