பழைய எக்ஸ்.எல் வண்டியை விற்கலாமா?

‘‘தோட்டத்துக்குப் பழைய டி.வி.எஸ் எக்ஸ்.எல் வண்டியில்தான் போய் வருகிறோம். அதை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம், தோட்டத்து இலவச மின்சாரத்தில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கிறான் மகன். சரிதானா?’’

– வாசகர், சாத்தூர்.

இலவச மின்சார யோசனையை முதலிலேயே கைவிட்டுவிடுவது நல்லது. விவசாய இணைப்பு, விவசாயத் தேவைக்கு மட்டுமே. அதில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினால், அனுமதியில்லாத பயன்பாடாகக் கருதி மின்வாரியம் அபராதம் விதிக்கலாம். வீட்டு இணைப்பில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். 3 கிலோவாட் மணி பேட்டரி முழுமையாக ஏற, 3 முதல் 4 யூனிட் ஆகும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு குறைவுதான்.

அப்படியும் கிராமங்களில் பழைய வண்டியை விட மனம் வராததற்குக் காரணம் இருக்கிறது. 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ் 50 வந்த நாள் முதல், அந்த வகை வண்டிகள் தீவனக்கட்டு, பால் கேன், உரமூட்டை என எல்லாவற்றையும் சுமக்கின்றன. கரிசல் காட்டில் மழை பெய்தால், மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். எடை குறைந்த எக்ஸ்.எல் வண்டியை ஒருவரே தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பலவும் 100 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை. பழுது பார்க்க உள்ளூர் மெக்கானிக்கும் எளிதில் கிடைக்க மாட்டார்.

பழைய வண்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால், சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து கிடைக்கும் எத்தனால், ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாய்களையும் பாதிக்கலாம். எனவே, குழாய், கார்புரேட்டர் இரண்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், டேங்க்கில் பெட்ரோல் வைக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்தால் போதும். கூடினால் புகைதான் அதிகம். 15 ஆண்டுகள் முடிந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

சிவகாசி, சாத்தூர் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தீப்பெட்டி, பட்டாசுக் குழாய்க்கான காகிதம், பருத்தி, வைக்கோல் வைத்திருக்கும் அறையில் பெட்ரோல் வண்டியை நிறுத்தவும் கூடாது. பேட்டரிக்குச் சார்ஜ் போடவும் கூடாது.

தினமும் தார்ச்சாலையில் டவுனுக்கு வேலைக்குப் போய் வர எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் லாபம். சுமைக்கும் சேற்றுக்கும் எக்ஸ்.எல் தான் தோது. புதிய வண்டி வாங்கினாலும், ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு, பழையதை விற்பது பற்றி முடிவு செய்யலாம்.