திராட்சை ஒரு பக்கம், உரிமம் மறுபக்கம்: எல்லையோரச் சிறு தோட்டக்காரருக்கு ஒயின் விதி எட்டுமா?

(நமது பகுதி நேர நிருபர்)

பாலக்காடு: பழங்களிலிருந்து வீரியம் குறைந்த ஒயின் தயாரிக்கச் சிறு தொழில் முனைவோருக்கு உரிமம் வழங்கும் விதிகளைக் கேரள அரசு 2022ஆம் ஆண்டில் வெளியிட்டது. விளைச்சல் மிகுந்த காலத்தில் பழம் அழுகிப் போவதைத் தடுத்து, விவசாயிக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம் என்று அப்போது கூறப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கி மலைச் சரிவுகளிலும், மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கிலும் ஓரிரு ஏக்கர் வைத்துப் பாடுபடும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது எட்டுகிறதா என்பதே கேள்வி.

இது குடிப்பழக்கத்தைப் பற்றிய கேள்வி அல்ல. விலையைப் பற்றிய கேள்வி. பறித்த திராட்சை நான்கைந்து நாளைக்கு மேல் தாங்காது. அந்த நாட்களுக்குள் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். அதே பழம் ஒயினாகிவிட்டால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். எனவே யாருக்கு ஒயின் உரிமம் இருக்கிறதோ அவருக்குக் காத்திருக்கும் வலிமை இருக்கிறது. அந்த வலிமை இன்று சிறு தோட்டக்காரரிடம் இல்லை.

கம்பத்துப் பன்னீர்

கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலிய ஊர்களில் விளையும் பன்னீர் திராட்சையை அறியாத கேரள வாசகர் இருக்க முடியாது. கோட்டயம், எர்ணாகுளம் கடைகளில் தொங்கும் கருநீலக் குலைகளில் பெரும் பகுதி அங்கிருந்து வருவதே. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் சர்வதேசப் பெயர். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்திற்குக் கொண்டு வந்தார் என்பது வரலாறு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்த பின் பாய்ந்த நீர்தான் இப்பள்ளத்தாக்கை வளமாக்கியது.

கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் கொடி ஏற்றுவது இங்குள்ள முறை. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாகச் செய்வதால் ஆண்டு முழுவதும் சந்தையில் பழம் இருக்கும். நாட்டில் வேறெங்கும் எளிதில் காண முடியாத வசதி இது.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் கிடைத்தது. விலைக்குக் காவல் கிடைக்கவில்லை. பருவம் தப்பி மழை பெய்து பழம் வெடித்தாலோ, மகாராஷ்டிரத் திராட்சை ஒரே நேரத்தில் வந்து குவிந்தாலோ, வெட்டுக்கூலிக்கும் பெட்டிக்கும் கட்டுபடியாகாத நிலை வந்துவிடுகிறது.

எல்லை அடைபட்டால் நிலைமை இன்னும் மோசம். முல்லைப் பெரியாறு தகராறு முற்றிய 2011 டிசம்பரில் குமுளி வழி நின்றதையும், 2020இல் ஊரடங்கின்போது லாரிகள் முடங்கியதையும் விவசாயிகள் மறக்கவில்லை. ரயில் வழியும் கைகொடுக்கும் நிலையில் இல்லை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை அகலப்பாதையில் 2023 ஜூனில் ரயில் வந்துவிட்டது; ஆனால் கம்பத்துக்குப் பாதை இல்லை. அழுகும் சரக்கு என்று எழுதிப் பார்சல் பதியும் எவருக்கும் ஒரு நாள் தாமதத்தின் விலை தெரியும்.

பழைய முறையும் ரசாயனமும்

குடும்ப அளவில் ஒயின் தயாரிக்கும் பழைய முறைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பழுத்த குலைகளை உதிர்த்து, காம்பு நீக்கி, விதை நசுங்காமல் கையால் பிசைந்து பீங்கான் பரணியில் போடுவார்கள். தோல் மேலே மிதந்து கட்டியாகாமல் தினமும் மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். நுரைப்பது அடங்கியதும் வடிகட்டி, காற்றுப் படாமல் மூடி, தெளிய விடுவார்கள். கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரையும் பட்டை, கிராம்பும் சேர்த்துச் செய்வது இதன் ஒரு வகை.

சர்க்கரை ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள சர்க்கரையில் சுமார் 17 கிராம் நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். 170 கிராம் இருந்தால் சுமார் பத்து சதவீதம். அவசரப்பட்டுப் பிஞ்சாக வெட்டிய பழத்தில் இனிப்புக் குறைவு, ஆல்கஹாலும் குறையும், சில வாரத்தில் புளித்துக் காடியாகிவிடும். ஆகவே நல்ல ஒயினுக்கு முதல் தேவை, கொடியிலேயே முழுதாகப் பழுக்கும்வரை பொறுத்திருப்பது. வியாபாரி முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவரால் அது முடிவதில்லை.

இரண்டாவது தேவை, ரசாயனம் படாத பழம். திராட்சைத் தோலின் மேல் வெண்ணிறப் பூச்சு படிந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சாற்றை நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் கிருமிகள் பழத்தோலோடு ஒட்டித்தான் வருகின்றன. கடையில் வாங்கிய ஈஸ்ட் சேர்க்காமல் பழைய முறையில் செய்வோருக்கு அவையே முதலீடு. வெட்டுக்குச் சில நாள் முன்புவரை பூஞ்சைக்கொல்லி அடித்தால், நோயைக் கொல்லும் மருந்தே இந்தக் கிருமிகளையும் கொல்லும். எச்சம் ஒயினிலும் இறங்கும். 2010இல் மருந்து எச்சம் காரணமாக இந்தியத் திராட்சையை ஐரோப்பிய நாடுகள் நிராகரித்தபோது ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு ஒரு பாடம்.

ஆனால் இயற்கை முறை என்று பேசுவது எளிது. ஈரக்காற்று வீசும் மலையடிவாரத்தில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் வந்தே தீரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. அளவோடு தெளிக்க இயற்கை விவசாய நெறிகளிலும் இடமுண்டு. அதோடு பஞ்சகவ்யம், தொழு உரம், பந்தலில் காற்றும் வெயிலும் புக இலை கிள்ளுதல் என்று கைவேலை கூடுகிறது. திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்று பெற மூன்று ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அந்த மூன்று ஆண்டும் விளைச்சல் குறையக்கூடும். விலையோ பழைய விலைதான். அதன் சுமையைக் குடும்பமே தாங்க வேண்டும். பழத்தைப் பழமாகவே விற்றுக்கொண்டு அதைத் தாங்குவது கடினம். ஒயினாக மாற்ற வழி இருந்தால்தான் கணக்கு நேராகும்.

சட்டம் நிற்கும் இடம்

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலை வேண்டும் என்பது திராட்சை விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை.

கேரளத்தில் 1902இல் கொச்சி சமஸ்தானத்தில் பிறந்த அப்காரிச் சட்டமே இன்றும் அடிப்படை. அதன் 55ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தயாரித்தால் பத்தாண்டு வரை சிறையும், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். 2019 டிசம்பரில் கிறிஸ்துமஸ் நேரத்தில் எக்சைஸ் இலாகா இதை நினைவூட்டிச் சுற்றறிக்கை விட்டபோது, பரம்பரையாக வீட்டில் ஒயின் போட்டு வந்தவர்கள் திடுக்கிட்டனர். தேவாலயப் பூசைக்கான ஒயினுக்கு மட்டும் தனி உரிமம் நெடுங்காலமாக உண்டு.

2022 விதி இந்த நிலையில் ஒரு கதவைத் திறந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாழை, அன்னாசி, முந்திரிப் பழங்களில் ஒயின் செய்து, நம் பாரதப்புழையின் மறுபெயரான "நிளா" என்ற பெயரையே அதற்குச் சூட்டியது. ஆனால் தனி விவசாயி உள்ளே நுழைய வேண்டுமானால் உரிமக் கட்டணம், தனிக் கட்டடம், பாட்டிலில் அடைக்கும் அனுமதி, லேபிள் ஒப்புதல், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு மதுபானத் தர விதிகளின்படி பரிசோதனை என்று வரிசை நீள்கிறது. மொத்த விற்பனைக்குப் பெவ்கோ நிறுவனத்தையே நம்ப வேண்டும். லட்சக்கணக்கில் பணம் போட்டு, முதல் பாட்டில் விற்கும்வரை வருமானமின்றிக் காத்திருக்க யாரால் முடியும்?

இன்னொரு முடிச்சு விதியின் பெயரிலேயே இருக்கிறது: அது கேரளத்தில் விளைந்த பொருளுக்கு மட்டும். கம்பமெட்டு மலைப்பாதை ஏறினால் இடுக்கி. பழம் அந்தப் பாதையில் தாராளமாக வரலாம். கேரளத்து வீட்டில் சாறாகலாம். உரிமம் பெற்ற ஒயின் மட்டும் ஆக முடியாது. திராட்சை உள்ள இடத்தில் உரிமம் இல்லை. உரிமம் உள்ள இடத்தில் திராட்சை சொற்பம்.

இதற்கு மாறாக, பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளியில் எத்தனால், பீர், பிராந்தி, ஒயின் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் தயாரிக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி அளித்ததையும், நிலத்தடி நீருக்காக ஊர் மக்கள் எதிர்த்ததையும் வாசகர்கள் அறிவர். பெரிய ஆலைக்கு அமைச்சரவை கூடுகிறது. ஒரு ஏக்கர்க்காரரின் பரணிக்குச் சிறைப் பிரிவு காத்திருக்கிறது. இந்த முரண்பாடுதான் கவனிக்கத் தக்கது.

அஞ்சுவோர் அஞ்சுவது

மதுவுக்கு இன்னொரு வழி திறக்கலாமா என்று கேட்போரை அலட்சியம் செய்ய முடியாது. 2020 அக்டோபரில் வாளையாறு அருகே செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் ஐந்து பேர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லையோரத்துத் தாய்மார்களின் அச்சம் அனுபவத்தில் பிறந்தது.

எனினும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சாவுகளுக்குக் காரணம் தொழிற்சாலைச் சாராயமும் மெத்தனாலும். பழம் நொதித்த ஒயின் அல்ல. ஒயினின் பெயரால் கள்ளத்தனம் நுழையாமல் இருக்க, சிறு தயாரிப்பாளரை ஒளித்து வைப்பதைவிடப் பதிவு செய்து, பரிசோதித்து, கண்முன் வைத்திருப்பதே பாதுகாப்பு.

என்ன செய்யலாம்?

முதலாவது, சொந்த உபயோகத்துக்கும் விற்பனைக்கும் சட்டம் தெளிவான கோடு போட வேண்டும். அமெரிக்காவில் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை, விற்பனைக்கு அல்லாமல், வரியின்றி ஒயின் செய்துகொள்ளலாம். அத்தனை வேண்டாம், சில லிட்டருக்காவது நம் நாட்டில் வரம்பு எழுதப்படலாம்.

இரண்டாவது, கூட்டு நிலவறை. பிரான்சின் தென்பகுதியில் 1900க்குப் பின் ஒயின் விலை வீழ்ந்து சிறு தோட்டக்காரர்கள் நொடித்தபோது, மரோசான் என்ற கிராமத்தார் 1901இல் கூட்டுறவு அமைத்துத் தங்கள் ஒயினைத் தாங்களே சேர்த்து விற்கத் தொடங்கினர். 1907இல் அந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிய பின், இத்தகைய கூட்டுறவுகள் கிராமந்தோறும் பரவின. தனி ஒருவருக்கு எட்டாத உரிமம் ஐம்பது பேருக்கு எட்டும். சித்தூர் தாலுகாவில் எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கத் தோட்டக்காரருக்கும், முதலமடை மாம்பழக்காரருக்கும், வட்டவடை, காந்தல்லூர் மலைப்பழக்காரருக்கும் இது பொருந்தும். அங்குள்ள நம்மவர் திராட்சைக்காகக் காத்திராமல் இன்றைய விதியிலேயே மனுச் செய்யலாம்.

மூன்றாவது, இரு மாநிலங்களும் பேச வேண்டும். மகாராஷ்டிரம் 2001இலும் கர்நாடகம் 2007இலும் திராட்சை ஒயினுக்கென்றே கொள்கை வகுத்தன. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; திருச்சூரில் ஒயின் செய்து காட்டிய பல்கலைக்கழகம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பழத்தை உரிமம் பெற்ற கேரளக் கூட்டுறவு வாங்க ஒரு விலக்கு அளித்தால், இரு பக்கத்து விவசாயிக்கும் நன்மை. தண்ணீருக்காக நீதிமன்றம் வரை போன இரு அரசுகள் பழத்துக்காக ஒரு மேசையில் அமர்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவரை பன்னீர்க் குலை அறுத்த நான்காம் நாளே வந்த விலைக்குப் போய்க்கொண்டிருக்கும். விதி திருந்துவதற்கு முன் கொடியைப் பிடுங்கிவிட்டு வாழையோ தென்னையோ வைக்க விவசாயி முடிவு செய்தால், அவரைக் குறை கூற முடியாது. பிடுங்கிய கொடியை மீண்டும் பந்தலேற்றிக் காய்ப்புக்குக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும் என்பதை மட்டும் அரசுகள் நினைவில் வைப்பது நல்லது.