மினுமினுப்பு தரச்சான்று அல்ல

நீலகிரியின் நெல்லியாளத்தில் பருவமழை தொடங்கினால் பித்தளைக் குத்துவிளக்கு கறுக்கும். அதனால் விளக்கு கெட்டுப்போவதில்லை. தோட்டா உறையும் பித்தளைதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுட்ட உறையில் மீண்டும் மருந்து நிரப்பலாமா என்பதை மினுமினுப்பை வைத்து முடிவுசெய்வது தவறு.

பிரிட்டிஷ் இந்திய ராணுவம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் சுடாமலே விரிசல் விட்டன. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரின் அமோனியா, ஈரக்காற்று, உறையை இழுத்து வடிவமைத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். மிதமாகச் சூடாக்கினால் அந்த இறுக்கம் தளரும்.

அப்படிச் சூடேற்றிய தடம் பல ராணுவ உறைகளின் கழுத்தில் நீலப்பழுப்பாகத் தெரியும். அழுக்கென்று ஒதுக்கப்படும் அதுதான் நல்ல அறிகுறி!

கழிக்க வேண்டியவை வேறு: கழுத்தில் மயிரிழைக் கீறல் விட்டவை, அடிப்பகுதிக்குச் சற்று மேலே வெளிர் வளையம் விழுந்தவை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பொருந்தும் குழி தளர்ந்தவை. அமோனியா கலந்த மெருகுத் திரவமோ பளபளப்பைத் தந்து பலத்தைப் பறிக்கும்.

ஆயுதச் சட்டம் 1959இன்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். உரிமம் பெறுவோருக்கான பாதுகாப்புப் பயிற்சியில் உறைகளைச் சோதிக்கும் பாடத்தையும் சேர்க்க வேண்டும். நூற்றாண்டு கண்ட வெடிமருந்துத் தொழிற்சாலை அருவங்காட்டில் இருக்கையில், நீலகிரியிலேயே அதைத் தொடங்கலாம்.